புரட்டாசியில் மாட்டிய விரால்

எங்கள் கூடாரத்தின் உட்பக்கம் முழுக்க மீன்கள் நீந்தின. அப்பா ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்தார். சரக்குப் பெட்டிகளை மூடும் பழைய தார்ப்பாய் ஒன்றைக் கழித்துப் போட்டபோது, முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டுக்குத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இரண்டு கம்பங்களை நட்டு, நடுவே கயிறு கட்டி, அதன் மேல் தார்ப்பாயைப் போட்டால் எங்கள் நால்வருக்கும் வீடு. ஏரியில் யார் மீன் பிடித்தாலும் அதைத் தார்ப்பாயின் உட்பக்கத்தில் படுக்கவைத்து, அப்பா கரித்துண்டால் சுற்றிக் கோடு இழுப்பார். வீடு திரும்பியதும் அந்தக் கோட்டின் மேல் வெள்ளைச் சாயம் தீட்டுவார். பக்கத்தில் பிடித்தவர் யார் என்று சின்னதாக எழுதுவார்.

இதற்கு ஒரு சட்டம் இருந்தது. சமைத்துச் சாப்பிட்ட மீனுக்குத்தான் படம். அண்ணன் ஒருமுறை சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குஞ்சைப் பிடித்துவிட்டு அதற்கும் படம் கேட்டு அடம்பிடித்த நாளில் அப்பா போட்ட சட்டம் அது. அப்பா சட்டம் போட்டால் ரயில்வே கால அட்டவணை மாதிரி, மாற்ற முடியாது.

அப்பாவுக்கு மூன்று மீன்கள். அண்ணனுக்கு இரண்டு. அம்மாவுக்குக்கூட ஒன்று. அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனபோது தூண்டிலைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு திலாப்பியா வந்து மாட்டியது. எனக்கு ஒன்றுமில்லை. நான்கு வருடமாக ஒன்றுமில்லை. வாசல் பக்கம் என் தலைக்கு நேர் மேலே தார்ப்பாய் வெறும் பச்சையாகக் கிடந்தது. அந்த இடத்தை எனக்காக ஒதுக்கி வைத்திருப்பதாக அப்பா சொல்வார்.

"சும்மாதானே கிடக்கு, யாருக்காச்சும் வாடகைக்கு விடலாம்லா," என்பான் அண்ணன். அவன் என்னைவிட மூன்று வயது பெரியவன். அதற்காக நான் அவனை அடிக்காமல் விட்டதில்லை.

எனக்கு மீன் மாட்டாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். நான் ஒரு வாயாடிப் பெண், வாயை மூட மாட்டேன். தூண்டிலைப் போட்ட ஐந்தாவது நிமிடம் பேச ஆரம்பிப்பேன், பத்தாவது நிமிடம் எழுந்து நடப்பேன். இப்போது ஐம்பதைத் தாண்டியும் அந்த வியாதி குணமாகவில்லை.

ஏரி என்று சொல்கிறேனே தவிர அது ஈயக்குட்டை. சாலாக் செலாத்தானைத் தாண்டி, காஜாங் போகும் பழைய சாலையில் கொஞ்ச தூரம் போய், இடது கைப்பக்கம் ஒரு மண் பாதையில் திரும்ப வேண்டும். யாரோ எப்போதோ ஈயம் தோண்டி முடித்துவிட்டுப் போன பெரும் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்டது. கரையெல்லாம் சலித்துக் கொட்டிய வெள்ளை மணல். ஒரு கூழாங்கல்கூட அகப்படாது. அதற்கு மேலே இடுப்பளவு லாலான் புல். எங்கள் மலாய் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது, மழை விட்ட வாரமே கோடை. அப்பாவுக்கு சனி ஞாயிறு சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைத்து, அந்த வாரம் மழையும் விட்டிருந்தால், எதிர்வீட்டு அங்கிளின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம். வருடத்துக்கு மூன்று முறையோ நான்கு முறையோ இப்படி அமையும். புறப்படுவதற்கு முந்தின நாள் எனக்குச் சோறு இறங்காது.

கரையில் இறங்கியதும் அப்பா முதல் வேலையாக, முழங்கால் ஆழம் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குச்சியை ஊன்றிச் சிவப்புக் கொடியைக் கட்டுவார். வேலைக்கு எடுத்துப்போகும் அதே கொடி. அதைத் தாண்டினால் விசில் பறக்கும். அதற்கப்பால் தரை திடீரென்று இருபது அடி இறங்கிவிடும் என்பதால் அந்த விசிலுக்கு மட்டும் நானும் அடங்குவேன். பசியாறல் ஏழரை, குளியல் ஒன்பது, மீன்பிடி பத்து என்று எல்லாவற்றுக்கும் நேரம் வைத்திருப்பார். ஒரு நிமிடம் பிந்தினால், "வண்டி போயிருச்சு," என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் நிற்பார்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அது. ஜனவரியில் ஈப்போவுக்கு மாற்றல் என்று அப்பாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. நவம்பர் பிறந்தால் அடைமழை. அதற்கு முன் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார இறுதி, அக்டோபர் நடுவில். ஆக, அந்த ஏரியில் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஈப்போவுக்குப் போகும் தார்ப்பாயில் என் இடம் காலியாகவே போவதா?

அந்த சனிக்கிழமை புரட்டாசிக் கடைசி சனி. மறுநாள் ஞாயிறு ஐப்பசி ஒன்று.

புரட்டாசியில் அசைவம் கிடையாது என்பது எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் எங்கள் அம்மா மற்றவர்கள் மாதிரி இல்லை. எனக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் பிழைப்பேனா என்று ஆகிவிட்டதாம். அப்போது அவள் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது, புரட்டாசி முழுக்க மீன் மாமிசம் தின்னமாட்டேன், கையாலும் தொடமாட்டேன் என்று. அந்த ஒரு மாதம் மீன் வெட்டும் கத்தி காகிதத்தில் சுற்றி அலமாரி மேலே ஏறிவிடும். பாசாரில் மீன் கடைப் பக்கம்கூட நடக்கமாட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் கிள்ளான் பாசாரில் மீன் கடை வைத்திருந்தவரின் மகள். மீன் இல்லாத சோறு அவளுக்குச் சோறே இல்லை. புரட்டாசி இருபது தாண்டியதும் முகம் சிறுத்துப்போய், காரணமில்லாமல் எங்கள் மேல் எரிந்து விழுவாள்.

"காலையில கோயிலுக்குப் போய்ட்டு வந்துதான் கிளம்பணும். அங்க வந்து யாரும் தூண்டிலத் தொடக் கூடாது. ஐப்பசி பொறக்கட்டும், அப்புறம் உங்க இஷ்டம்," என்றாள்.

"ஐப்பசி எப்பம்மா பொறக்கும்? ராத்திரி பன்னெண்டுக்கா?" என்று கேட்டேன்.

"சூரியன் மொகம் தெரியணும். அப்பதான்."

"கடிகாரத்துல எத்தன மணி?"

"கடிகாரத்தப் பத்திப் பேசாத. சர்க்காரு அதை அரை மணி தள்ளி வச்சிட்டான். சூரியனத் தள்ளி வைக்கச் சொல்லு பாப்போம்," என்றாள். அந்த வருடத் தொடக்கத்தில்தான் நாடு முழுவதும் ஒரே நேரமாக இருக்க வேண்டுமென்று எங்கள் பக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியிருந்தார்கள். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

வேன் முழுக்கத் துளசி வாசம். சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல், புளிச்சோறு என்று கோயில் பிரசாதமே ஏரிக்குச் சுற்றுலா வந்தது. அம்மா எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு வரும் சம்பால் கல்லும் வந்தது. உரலும் குழவியுமாக ஒரு பிள்ளை கனம் இருக்கும். அண்ணனும் நானும் பின் இருக்கையில் அதைக் காலுக்கிடையில் மாற்றி மாற்றி வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே போனோம். மண் பாதையில் வேன் குலுங்க ஆரம்பித்ததும் சண்டையை மறந்து கூச்சல் போட்டோம். லாலான் புல்லுக்கு அப்பால் வெளிர்பச்சைத் தண்ணீர் தெரிந்ததும் வேன் நிற்பதற்குள் நான் குதித்துவிட்டேன்.

மதியம் கூடாரம் எழும்பியது. லோரி டியூபில் மிதந்தோம், சிவப்புக் கொடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் பந்தயத்தில் நான் இரண்டு முறை ஜெயித்தேன். ஆனால் மனம் எதிலும் நிற்கவில்லை. பத்தடி தூரத்தில், கோரைப் புல் ஓரம், தண்ணீர் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் போட்டது. சற்று நேரம் கழித்து மறுபடியும் 'ப்ளக்'. விரால் மேலே வந்து மூச்சு வாங்கும் சத்தம் அதுதான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். விரால் தண்ணீருக்கு வெளியிலும் மூச்சு விடும். ஈரம் இருந்தால் தரையில் ஊர்ந்துகூடப் போகும். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்வது இதைத்தான்.

கம்பம் என்று சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே ஒரு வித்தை செய்வதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். ஒரு மூங்கில் குச்சியைக் கரையில் சாய்த்து ஊன்றி, தடித்த நூலில் கொக்கி கட்டி, இரையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் வந்து எடுப்பார்கள். பேசாமல் உட்காரத் தேவையே இல்லை. எனக்கென்றே கண்டுபிடித்த வித்தை. அம்மா சொன்னது தூண்டிலைத் தொடக் கூடாது என்று. இது தூண்டில் இல்லையே, குச்சிதானே? இன்று வைத்தால் நாளைக்குத்தானே மாட்டும்? நாளைக்கு ஐப்பசிதானே? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டு, மூன்றரை மணிக்கு எல்லாரும் கண்ணயர்ந்திருந்த நேரம், ஒரு சின்னத் தவளையைக் கொக்கியில் மாட்டிக் கோரைப் புல் ஓரம் ஊன்றிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வந்து படுத்துக்கொண்டேன்.

பெருமாளுக்கு என் வக்கீலைப் பிடிக்கவில்லை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தண்ணீரை யாரோ பலகையால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் மூங்கில் குச்சி வளைந்து வளைந்து நிமிர்கிறது. ஓடினேன். குச்சியைப் பிடித்து இழுத்தேன், அது என்னை இழுத்தது. மணலில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தேன். வாழ்க்கையிலேயே முதல் முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை. கரும்பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாக, என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாக ஒரு விரால் மணலில் வந்து விழுந்தது. அப்பாவின் மூன்றில் எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அப்புறம்தான் எனக்குக் குரல் வந்தது. காஜாங் வரைக்கும் கேட்டிருக்கும்.

மூவரும் ஓடிவந்தார்கள். அண்ணன் வாய் பிளந்து நின்றான். அப்பா ஒரு கணம் சிரித்துவிட்டு, அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புரட்டாசி சனிக்கிழம," என்றாள். "அதுவும் கடைசி சனிக்கிழம."

"நான் பிடிக்கலம்மா. வச்சேன். அதுவா வந்து மாட்டிக்கிச்சு."

"வாய மூடு."

மூடினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அண்ணன் குனிந்து, "விட்டுறலாம்மா, பாவம்," என்றான். அவன் பாவம் பார்த்தது மீனையா, தன் இரண்டு படங்களையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அம்மா திருப்பிய முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி மீனை ஒரு பார்வை பார்த்தாள். கிலோ வந்து வருடங்கள் ஆகியும் அவள் பழைய கட்டிக் கணக்கில்தான் எடை சொல்வாள். "மூணு கட்டிக்குக் கொறையாது," என்று முணுமுணுத்தாள். மீன்காரர் மகள் ஆயிற்றே. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உசுரோடதான இருக்கு?"

"இருக்கும்மா."

"விடியிற வரைக்கும் உசுரோட இருந்தா உன் மீனு, சமைச்சுத் தரேன். அதுக்குள்ள செத்துச்சுன்னா தண்ணியில விட்டுடணும். இன்னைக்குச் செத்தத என் அடுப்புல ஏத்த மாட்டேன். யாரும் எங்கிட்ட அதைக் கொண்டுட்டு வராதீங்க."

ஆக, நிபந்தனை தெளிவாகிவிட்டது. விரால் ஐப்பசி பிறக்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால் குழம்பு, குழம்பு ஆனால் படம். அப்பா கொக்கியைப் பக்குவமாகக் கழற்றினார். குளிப்பதற்கென்று கொண்டுவந்திருந்த பெரிய பிளாஸ்டிக் பேசினில் பாதி ஏரித் தண்ணீர் நிரப்பி அதில் விட்டோம். வளைந்துதான் கிடந்தது. கூடாரத்தின் பின்பக்கம் நிழலில் வைத்து, மேலே ஒரு பலகை போட்டு மூடினோம்.

பலகை மேல் கனமாக எதையாவது வைக்க வேண்டும். அந்த மணலில் கல் ஏது? நான் அம்மாவிடம் சம்பால் கல்லைக் கேட்டேன்.

"அதுலதான் சாமிக்குத் தொவையல் அரைச்சேன். மீனு மேல வைக்கறதா? நாளைக்குக் கேளு," என்றாள்.

கடைசியில் அண்ணன் காலில் போட்டு வந்த இரண்டு சப்பாத்துகளையும் ஒரு பால் டின்னையும் பலகை மேல் வைத்தோம். பொழுது சாயும் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பலகையை நகர்த்திப் பார்த்தேன். அதனிடம் பேசவும் செய்தேன். செத்துத் தொலைக்காதே, நாளைக்கு உன்னைத் தின்ன வேண்டும் என்று உண்மையைத்தான் சொன்னேன். அது செவுளை அசைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. எப்படியோ தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது கூடாரத்துக்குள் சாம்பல் நிறமாக வெளிச்சம். அம்மாவின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நான் பின்பக்கம் ஓடினேன். பலகை சரிந்து கிடந்தது. ஒரு சப்பாத்து பேசினுக்குள் மிதந்தது. விராலைக் காணோம்.

நான் போட்ட அலறலில் அப்பா தலைமாட்டில் இருந்த விசிலை ஊதிக்கொண்டே எழுந்தார். தூக்கத்தில் ரயில் என்று நினைத்தாரோ என்னவோ. அண்ணன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து, லாலான் புல்லுக்குள் பாய்ந்து தேட ஆரம்பித்தான். அங்கேதான் ஈரமாம். நான் மணலைப் பார்த்தேன். வெள்ளை மணலில், பேசினிலிருந்து தண்ணீரை நோக்கி, பாம்பு போன தடம் மாதிரி நெளிந்து நெளிந்து ஒரு கோடு போயிருந்தது. விரால் வீட்டுக்குப் போகிறது.

"அப்பா, இந்தப் பக்கம்," என்று கத்திக்கொண்டு ஓடினேன். அப்பா கூடாரக் கயிறு தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே இன்னொரு விசில் அடித்தார். கூடாரத்திலிருந்து தண்ணீருக்கு முப்பது தப்படி இருக்கும். தடத்தின் முனையில், தண்ணீருக்கு ஓர் ஆள் நீளத் தூரத்தில், அது துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது முந்திவிடும் என்று தெரிந்துவிட்டது. கால் மணலில் புதைந்து புதைந்து இழுத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடிக்கொண்டே அழுதேன்.

தண்ணீர் ஓரத்தில் அம்மா நின்றாள். விடியும் முன்பே வாளியில் மொண்டு தலைக்குக் குளித்துவிட்டு, துவைத்த மஞ்சள் சேலையில், ஈரத் தலையில் துண்டோடு, நெற்றியில் நாமமும் குங்குமமுமாகக் கிழக்கே பார்த்துக் கை குவித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசியை வரவேற்க நின்றிருந்தாள். கிழக்கே மேட்டின் மேல் மூடுபனிதான் இருந்தது.

விரால் அவள் காலடியில்தான் தண்ணீரில் இறங்கப் பார்த்தது.

அம்மா கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிழக்கே ஒருமுறை பார்த்தாள். சம்பால் கல்லைக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று அந்த நேரத்தில் நினைத்தாளோ, அழுதுகொண்டு ஓடிவந்த என் முகம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. நான் அதைப் பற்றி அவளிடம் கேட்டதே இல்லை. மறுகணம் அந்த மஞ்சள் சேலையோடு குப்புற விழுந்து, விராலின் தலைக்குப் பின்னால் ஒரு கையும் வாலுக்கு மேலே ஒரு கையுமாக மணலோடு சேர்த்து அமுக்கிவிட்டாள். வழுக்கும் மீனை எங்கே பிடித்தால் நிற்கும் என்று கிள்ளான் பாசாரில் கற்ற கை. ஒரு மாதமாகச் சும்மா இருந்த கை.

"புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன்," என்றாள். பதின்மூன்று வயதுப் பெண் மாதிரி மூச்சு வாங்கிச் சிரித்தாள். முகமெல்லாம் மணல்.

நான் அவள் மேலேயே போய் விழுந்தேன். அண்ணன் புல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து கைதட்டினான். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்கியதையும் பார்த்தேன். இரண்டு கையிலும் மீன். அவள் கிழக்கே திரும்பினாள்.

"என்னாங்க, மணி என்ன?"

அப்பா நொண்டிக்கொண்டே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஏழாவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு நிமிடம் தவறாகச் சொன்னால் பாவம் என்று நினைக்கும் மனிதர், கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டு, "ஏழு தாண்டியாச்சும்மா. சூரியன் வந்தாச்சு. அதோ," என்று மேட்டின் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே ஒன்றுமில்லை. பனிதான்.

"ஆமாம்மா, தெரியுது," என்றான் அண்ணன்.

"எனக்கும் நல்லாத் தெரியுதும்மா," என்றேன் நான். விடிய விடிய நன்றாகத் தூங்கி எழுந்த கண்ணால் சொன்ன பொய்.

அம்மா எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். "சரி. மூணு பேரு கண்ணுக்குத் தெரியுதுன்னா வந்திருக்கும்," என்று சொல்லி மீனை என் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மேட்டின் மேல் சூரியன் நிஜமாகவே வந்தது.

அன்றைய காலையை எப்படிச் சொல்வேன்! அப்பா தார்ப்பாயின் வாசல் பக்கத்தைத் தாழ இறக்கி, என் இடத்தில் விராலை வைத்துக் கரித்துண்டால் கோடு இழுத்தார். பக்கத்தில் அளவு நாடா வைத்து இரண்டு முறை அளந்தார். தன் மீன் தோற்றதை ஒப்புக்கொள்ள இரண்டாவது முறை தேவைப்பட்டது. சம்பால் கல்லில் மிளகாயும் மஞ்சளும் அரைபட்டன. புளிக்குழம்பு கொதித்த வாசத்தில் ஏரிக்கரையே பசித்தது. பசியாறல் ஏழரை என்ற சட்டம் அன்று எட்டரைக்குப் போனது. நடுத்துண்டு எனக்கு, தலையும் எனக்கு. வேர்க்க வேர்க்கத் தின்றேன். அம்மா பரிமாறிவிட்டு, மீந்த வடையைத் தயிரில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். "பசியில்ல, நீங்க தின்னுங்க," என்றாள். நான் அவள் தட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே மூணு கட்டி விரால் நீந்தும்போது யார் தட்டை யார் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா வெள்ளைச் சாயம் தீட்டினார். பள்ளியில் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த மீனைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. தீபாவளிக்குள் அது என் உயரத்துக்கு வந்துவிட்டது.

தீபாவளி ஐப்பசிக் கடைசியில் வந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, இட்லியும் ஆட்டிறைச்சிப் பிரட்டலுமாக உட்கார்ந்தோம். அம்மா அந்தப் பிரட்டலுக்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பவள். எங்களுக்கு வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அவள் இலையில் இரண்டு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் மட்டும் இருந்தன. அப்போதுதான் நான் முதல் முறையாக அவள் இலையைப் பார்த்தேன்.

"கறி போட்டுக்கலையாம்மா?"

"அப்புறம் தின்னுக்கறேன்," என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவ இந்த மாசமும் தின்ன மாட்டா. கார்த்திகை பொறந்தாதான். புரட்டாசியில மீனத் தொட்டுட்டாளாம். அதுக்குப் பதிலா ஐப்பசி முழுக்க இருக்கா."

கையிலிருந்த இட்லியை இலையில் வைத்தேன். அந்த ஒரு மாதச் சாப்பாடும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தவிர வீட்டில் மீன் ஆக்கினாள், ருசி பார்க்காமலே ஆக்கினாள், உப்புச் சரியா என்று என்னைக் கேட்டாள். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன். யாருடைய காய்ச்சலுக்காக அவள் வேண்டிக்கொண்டாளோ, அந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எனக்கு அழுகை வரும்போது கோபம்தான் முதலில் வரும். அடுப்படிக்குப் போய் அவள் எதிரில் நின்றேன்.

"நாங்க மூணு பேரும் சொன்னோமேம்மா. சூரியன் வந்துருச்சுன்னு சொன்னோமா இல்லையா?"

அம்மா பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, கோபமே இல்லாமல், "நீங்க மூணு பேரும் பாத்தீங்க. நான் பாக்கலையே," என்றாள்.

வாயாடிக்கு இரண்டாவது முறையாகப் பேச்சு நின்றது. நேரே பின்கட்டுக்குப் போனேன். ஈப்போவுக்குக் கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த தார்ப்பாயை அவிழ்த்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, என் விரால் மேலே தெரியும்படி விரித்தேன். அப்பாவின் கரித்துண்டை எடுத்துக்கொண்டேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன்.

"என்னடி, கையெல்லாம் எண்ண. கிள்ளான்லேர்ந்து ஆளுங்க வர்ற நேரம்."

"கைய வைம்மா. புடிச்ச மாதிரியே வை."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் சட்டப் புத்தகத்தை மனத்துக்குள் முதலிலிருந்து கடைசி வரை புரட்டிவிட்டு, "வை," என்றார்.

அம்மா இரண்டு கையையும் வைத்தாள். தலைக்குப் பின்னால் ஒன்று, வாலுக்கு மேலே ஒன்று. விரல் விரலாக நான் சுற்றிக் கோடு இழுத்தேன். கரி அவள் நகக்கண்ணில் ஏறியது. கூச்சத்தில் அவள் விரல்கள் அசைந்ததால் இரண்டு மூன்று இடத்தில் கோடு நெளிந்துவிட்டது. அப்பா அந்த நெளிவின் மேலேயே வெள்ளைச் சாயம் தீட்டினார்.

ஈப்போவில் எங்களுக்கு வேறு ஏரி கிடைத்தது, தார்ப்பாயில் வேறு மீன்கள் வந்தன. என் விராலைவிடப் பெரியதும் ஒன்று வந்தது, அண்ணனுடையது. எனக்கு வருத்தமில்லை. வாசல் பக்கம் படுத்து அண்ணாந்து பார்த்தால், அந்தக் கூடாரத்திலேயே அம்மாவின் இரண்டு கையும் பிடித்திருந்த மீன் என்னுடையது ஒன்றுதான்.